புது ஊர்க் காவலர்

அமெரிக்கப் போலீஸ் என்று நாம் ஒருமையில் சொல்லுகிறோம். அங்கே ஏறத்தாழ 18,000 தனித்தனிச் சட்ட அமலாக்க அமைப்புகள் உண்டு. ஆகையால், ஓர் ஊரில் பல்லாண்டு உழைத்த சார்ஜண்ட் வேறோர் ஊரில் சேர விரும்பினால், அது மாற்றல் அன்று; புது விண்ணப்பம். அவருடைய பூர்வோத்தரத்தை மீண்டும் துருவி ஆராய்வார்கள். பயிற்சிக் காலம் குறையலாம். பதவியும் முதுநிலையும் பெரும்பாலும் போய்விடும். இரவுக் காவல் அவர் தலையில் விழும். தம்மினும் இளையவர் அருகில் அமர்ந்து புதிய தெருக்களைக் கற்கவேண்டும். பழைய ஆசிரியனாகிய எனக்கு இதுவே மிகக் கடினமாகத் தோன்றுகிறது.

தலைவராகச் சென்றவருக்கும் புது ஊர் எளிதாயில்லை. பெர்க்லியில் பெயர்பெற்ற ஆகஸ்ட் வோல்மர், 1923-இல் ஓராண்டுக்கென லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைமையை ஏற்றார். 1924-இல் பெர்க்லிக்கே திரும்பினார். அவர் செய்த சீர்திருத்தங்கள் பல அங்கே நிலைக்கவில்லை.