பதினான்கு நாளைக்கொரு தடவை வந்த பெண்



சில காலத்துக்கு முன் ஒரு சகோதரி என் மனைவி மூலம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஆறு வருடத்தில் நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை இன்னும் பால்குடி. தாய்க்கு இரத்தம் குறைவு. அடுத்த பிள்ளையைச் சற்றுத் தள்ளிப்போட ஊசி போட்டிருக்கிறார். அதன் பிறகு நாள் கணக்கில்லாமல் இரத்தம் படுகிறது; தொழலாமா, கூடாதா?

ஹைளுக்கும் இஸ்திஹாளாவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி அனுப்பினேன். பதில் பிழையில்லை. ஆனால், “இந்த ஊசி உங்களுக்கு ஒத்துவரவில்லை, வேறு வழி இருக்கிறது” என்று சொல்லும் ஓர் ஆள்தான் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அது எனக்குப் பிந்தியே விளங்கியது. விளங்கவைத்தது பங்களாதேஷின் மத்லப் பகுதியில் நடந்த விடயம்.

மத்லப், டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறுகளுக்கு நடுவில் உள்ள வயற்பிரதேசம். அன்று மழைக்காலத்தில் வள்ளம் இல்லாமல் அயலூருக்குப் போக முடியாதிருந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முஸ்லிம்கள். வாந்திபேதி ஆராய்ச்சிக்காக 1960களில் அங்கு வந்த வைத்தியர்கள், ஒவ்வொரு வீட்டின் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்துவந்தார்கள். 1975இல் அவர்கள் வீடு வீடாகக் கருத்தடை மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கொடுத்தவர்கள் வயதான, பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாத ஊர்ப்பெண்கள். ஆரம்பத்தில் பலர் வாங்கினார்கள். தலைச்சுற்றும் இரத்தப்படுதலும் வந்தபோது கேட்க ஆளில்லை. மாத்திரைகள் பெட்டியிலேயே கிடந்தன.

1977 ஒக்டோபரில் முறையை மாற்றினார்கள். ஏறக்குறைய 150 கிராமங்களில் பாதியளவுக்கு, அந்தந்த ஊரையே சேர்ந்த, படித்த, திருமணமான இளம்பெண்கள் 80 பேரைப் பயிற்றி அனுப்பினார்கள். மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் அவர்களுடைய பையில் இருந்தன. லூப் வேண்டுமானால் கிளினிக்குக்கு வழிகாட்டினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருதடவை அதே வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று. எதுவுமே வேண்டாமென்றால் சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். பர்தாவோடு வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முன்பு நூற்றுக்கு ஏழு பேரளவில் பாவித்த ஊர்களில், ஒன்றரை வருடத்துக்குள் மூன்றிலொரு பங்கினர் பாவிக்கத் தொடங்கினார்கள். அயற்கிராமங்களிலும் அதே மார்க்கம், அதே வறுமை, அதே வெள்ளம்தான். அங்கே அப்படியொரு மாற்றமில்லை. “எங்கள் பெண்கள் விரும்பமாட்டார்கள்” என்ற பேச்சு எங்கே போயிற்று?

ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, 1996இல் இரு பகுதிக் குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். அந்தப் பெண்கள் வந்துபோன ஊர்களில் தாய்மாருக்குச் சராசரியாக ஒரு பிள்ளை அளவில் குறைவு. அவர்களுடைய உடல் நிறை கூடியிருந்தது. ஐந்து வயதுக்குள் மரணித்த பிள்ளைகள் குறைவு. படித்த பெண்களின் உழைப்பு வருமானமும் உயர்ந்திருந்தது. ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: பிற்காலத்தில் அதே பெண்கள் தடுப்பூசிப் பணியிலும் ஈடுபட்டதால், பிள்ளைகள் பிழைத்ததை எல்லாம் கருத்தடையின் கணக்கில் எழுத முடியாது.

இதைப் படிக்கும் சிலர், “மார்க்கம் என்ன சொல்கிறது?” என்பீர்கள். நபித்தோழர்கள் அஸ்ல் செய்துவந்ததும், வஹீ இறங்கிக்கொண்டிருந்த அக்காலத்தில் அது தடுக்கப்படாததும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. எமது ஷாபிஈ மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிரசவத்தில் தாயின் உயிருக்கு அஞ்சியும், பிள்ளைகள் பெருகி நெருக்கடி வருமென்று அஞ்சியும் அதைச் செய்வது விலக்கப்பட்டதல்ல என்றே எழுதினார்கள். பூரணமாகப் பாலூட்ட விரும்புவோருக்கு அல்குர்ஆன் (2:233) இரண்டு வருடத்தைக் குறிப்பிடுகிறது. ஒரு பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது சென்றபின் அடுத்த கர்ப்பம் தரிப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பிள்ளைச்செல்வமே வேண்டாம் என்று நிரந்தரமாக அடைத்துக்கொள்வது வேறு மஸ்அலா. அதை இதோடு போட்டுக் குழப்பவேண்டாம்.

“எம்மைக் குறைக்கும் சூழ்ச்சி” என்ற பயமும் எமது வீடுகளில் உண்டு. காரணமில்லாமல் வந்த பயம் என்று தள்ளிவிடமாட்டேன். அதே பங்களாதேஷில், சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஏழைப்பெண்களுக்குப் பணமும் சேலையும் கொடுத்த காலமும் இருந்தது. பசித்தவளிடம் சேலையைக் காட்டி வாங்கும் சம்மதம் சம்மதமல்ல. மத்லப் பெண்கள் சேலை கொண்டுபோகவில்லை. அவர்களிடம் இருந்தது, ‘வேண்டாம்’ என்ற பதிலையும் கேட்டுக்கொள்ளும் பொறுமை.

பின்னர் அரசாங்கமும் இதே வழியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஊர்களுக்கு அனுப்பியது. 1970களில் பங்களாதேஷில் ஒரு தாய்க்கு ஆறு பிள்ளைக்கு மேல். 2011 அளவில் அது இரண்டு சொச்சம்.

எமது நாட்டில் அப்படியொரு பெண் முன்பிருந்தே வாசலுக்கு வருகிறார். மருத்துவமாது என்கிறோம். சில வீடுகளில் கேற்றடியில் நிற்கவைத்தே அனுப்பிவிடுகிறோம். கர்ப்பிணி அட்டையைப் பதிந்துகொள்வதோடு சரி. ஊசி ஒத்துவரவில்லை என்பதை அவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, மௌலவியிடம் தொழுகையைப் பற்றிக் கேட்கிறோம்.

அந்தச் சகோதரிக்கு இரண்டாவது தடவையும் எழுதினேன். அடுத்த வாரம் என் மனைவி அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இரத்தம் பரிசோதித்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பாலூட்டும் தாய்மாருக்கு ஏற்ற வேறு மாத்திரை இருப்பதாகச் சொல்லி, ஊசியின் காலம் முடிந்ததும் அதைத் தொடங்கலாம் என்றார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று திகதி குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்.