முன்னிற்கும் எண்

நூல்நிலையம் ஒன்றன் இருப்புப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியுள்ளனர் எனக் கொள்வோம். அதன் ஒரு வரி, “25 படிகள், 1962 பதிப்பு” என்பது. அடுத்த வரி, “படிகள் இல்லை, 1956 பதிப்பு” என்பது. படிகளின் தொகையை மட்டும் அறிதல் வேண்டும். நமக்கு இஃது எளிது. பொறியோ பொருளை அறியாது. எழுத்துகளின் நிரலை மட்டுமே காணும். ‘வரியில் வரும் முதல் எண்ணை எடுத்துத் தருக’ என ஏவினால், இரண்டாம் நூலுக்கு 1956 படிகள் உள்ளன என்று கூசாமல் கூறிவிடும்!

ஆதலின் ஏவல் ஐயமற்றதாய் இருத்தல் வேண்டும். அதனைக் குறிகளால் சுருக்கி எழுதும் முறையைச் சுருங்குறித்தொடர் என்பர். ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் இதற்கு அடிப்படை வகுத்தார். கென் தாம்சன் என்பார் இதனைக் கொண்டு கணிப்பொறியில் தேடும் வழியை 1968-இல் வெளியிட்டார்.

நமக்கு வேண்டிய தொடர் ^[0-9]+ என்பதாம். நூற்பாவினும் குறுகிய இதனைப் பிரித்துப் பொருள் காண்போம். கூரை போன்ற முதற்குறி, ‘வரியின் தொடக்கத்திலேயே பொருந்துக’ என்பது. பகர அடைப்பிலுள்ளது, ‘0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுள் ஒன்று’ என்பது. இறுதிக்குறியைக் கண்டு கூட்டல் எனக் கருதற்க, ‘ஒன்றேனும் வருதல் வேண்டும், பல தொடரின் அனைத்தையும் கொள்க’ என்பதே அதன் பொருள். எனவே, முதல் வரியில் 25-ஐக் கொண்டு இடைவெளியில் நின்றுவிடும். இரண்டாம் வரி எழுத்தில் தொடங்குதலின் பொருந்தாது ஒழியும்.

“1,250 படிகள்” என்றிருப்பின், காற்புள்ளியிலேயே நின்று 1 எனத் தரும். அடைப்பினுள் காற்புள்ளியையும் சேர்த்து, எடுத்தபின் அதனை நீக்கிக்கொள்ளலாம்.

மாணவர்களே, தமிழ் எண்களில் எழுதிய பழம்பட்டியல் கிடைத்தால் என் செய்வது? ^[0-9௦-௯]+ என விரித்தால் ௧, ௨ முதலியன அகப்படும். ஆயினும் நம் முன்னோர் பன்னிரண்டை ௰௨ என்றும், இருபதை ௨௰ என்றும் எழுதினர். ௰ என்பது பத்தைக் குறிக்கும் தனிக்குறி. நூற்றுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲. இவை ௦ முதல் ௯ வரையுள்ள வரிசையில் அடங்கா. ஆகவே, ௰௨ எனத் தொடங்கும் வரியைப் பொறி கைவிட்டுவிடும். ௨௰ எனத் தொடங்குவதிலோ ௨ மட்டும் கிடைக்கும். இருபது படிகள் இரண்டாகிவிடும்! இம்மூன்று குறிகளையும் அடைப்பினுள் சேர்த்தால் எண் முழுமையாய் வரும். ஆனால், ௰-க்கு முன்னிற்பதைப் பெருக்குக, பின்னிற்பதைக் கூட்டுக என்னும் கணக்கைப் பொறிக்கு வேறாக எழுதித் தருதல் வேண்டும்.