பயிரழிக்கும் பன்றியும் துப்பாக்கியின் தர்மமும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை மூட்டையாகக் குவியும் சுக்கு, கிழக்கு மலைச்சரிவுகளில் விளைந்த இஞ்சியே என்பதை அறிந்தோர், ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் பாத்திகளைக் கிளறியெறிந்தால் விவசாயிக்கு நேரும் நஷ்டத்தை எளிதில் ஊகிப்பார்கள்.

இதற்குப் பரிகாரமாக, 2022 மே மாதத்தில் கேரள அரசு, பயிரழிக்கும் பன்றிகளை உரிமம் பெற்ற துப்பாக்கியாளரைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, விஷம், வெடி, மின்சாரம் ஆகியவற்றை விலக்கியது.

ஆனால் எதைக் கொண்டு சுடுவது என்பதிலும் கவனம் வேண்டும். சிறு ரவைகள் பன்றியைக் கொல்லாமல் புண்படுத்தி வேதனையோடு ஓடவிடும். ரைஃபிள் குண்டோ, குறி தவறினால் வெகுதூரம் பாயும். ஆதலால் வீடுகள் நெருங்கிய கேரளத்தில், 12 போர் துப்பாக்கியில் பெருங்குண்டுத் தோட்டாவிட்டு, அருகிலிருந்து, பின்னால் மண்மேடு அமையச் சுடுவதே உசிதம்.

கொல்வது அவசியமாயினும், வதைப்பது அதர்மம்.