அகராதியில் ஏறிய கர்னல்

மனிதர்களுடைய பெயர் அவர்கள் காலத்துக்குப் பின்னும் நிலைத்திருப்பதற்குப் பல வழிகள் உண்டு. சிலர் சத்திரம் கட்டுகிறார்கள். சிலர் காவியம் பாடுகிறார்கள். வேறு சிலருடைய பெயரோ, அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அகராதியில் ஏறி உட்கார்ந்து விடுகிறது. அந்தப் பாக்கியத்தை அடைந்தவர்களில் ஒருவர் ழான் மார்த்தினே என்னும் பிரெஞ்சு ராணுவ அதிகாரி. ஆங்கிலத்தில் ஒருவரை 'மார்டினெட்' என்று சொன்னால், விதியினின்றும் எள்ளளவும் நழுவ விடாத கடுங் கண்டிப்புக்காரர் என்பது பொருள்.

பதினான்காம் லூயி மன்னர் பிரான்ஸ் தேசத்தை ஆண்ட காலத்தில், சேனை என்பது பெரும்பாலும் காப்டன்களுடைய சொந்த வியாபாரம் போலவே நடந்து வந்தது. ஆள் சேர்ப்பவரும் காப்டன். சம்பளப் பணத்தை வாங்குபவரும் அவரே. இல்லாத சிப்பாய்க்கும் சம்பளம் வாங்குவது, படையைப் பார்வையிடும் நாளில் மட்டும் கூலிக்கு ஆள் பிடித்து நிறுத்திக் கணக்கைச் சரிக்கட்டுவது, இவையெல்லாம் சர்வ சாதாரணம். இந்தச் சீர்கேட்டை ஒழிக்க முனைந்தவர் யுத்த மந்திரி லூவுவா. அவருக்கு வலக்கையாக வாய்த்தார் மார்த்தினே. 1663-ல் ஏற்பட்ட 'மன்னர் படை'யின் லெப்டினன்ட் கர்னலாக இருந்து அதை மற்றப் படைகளுக்கு முன்மாதிரியாக்கினார். பிறகு காலாட் படை முழுவதற்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி அவருக்குக் கிடைத்தது.

அவருடைய கண்டிப்பு காரணமற்றதன்று. அக்காலத்துத் துப்பாக்கியில் மருந்து கொட்டி, குண்டு போட்டு, கோலால் இடித்து, எரியும் திரியைப் பொருத்திச் சுட வேண்டும். ஒருவன் கையில் நெருப்பு. பக்கத்தில் நிற்பவன் இடுப்பில் வெடிமருந்து! ஒவ்வொரு அசைவும் எல்லோருக்கும் ஒரே காலத்தில் நிகழாவிட்டால், எதிரியின் உதவியில்லாமலே படை அழிந்து போகலாம். ஆகவே ஓயாத கவாத்து உயிரைக் காக்கும் வித்தையாயிற்று.

1672-ல் டச்சுக்காரருடன் நடந்த போரில், ஒரு கோட்டை முற்றுகையின்போது மார்த்தினே மாண்டார். அவர் மீது பாய்ந்தது தம் கட்சியின் பீரங்கிக் குண்டே என்று சொல்லப்படுகிறது. "கவாத்தினால் அலுத்துப் போன யாரோ செய்த காரியமோ?" என்று குறும்பாகக் கேட்பவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அப்படிக் கேட்கத் தோன்றுகிறதல்லவா, அதுதான் கவனிக்கத் தக்கது.

1676-ல் அரங்கேறிய விச்சர்லியின் ஆங்கில நாடகம் ஒன்றிலேயே இந்தச் சொல் தலை காட்டுகிறது. முதலில் கவாத்து முறையைக் குறித்தது, பின்னர் கண்டிப்பான அதிகாரியைக் குறித்தது; நாளடைவில் பள்ளிக்கூடம், காரியாலயம், வீடு எல்லாவற்றிலும் புகுந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்த தேசத்தில் இச்சொல்லுக்கு இந்த அர்த்தமே இல்லை. பிரெஞ்சு மொழியில் 'மார்த்தினே' என்பது ஒரு பறவையின் பெயர். குழந்தைகளை அடிக்க வைத்திருந்த, மரப் பிடியும் தோல் வார்களும் உள்ள சவுக்குக்கும் அதுவே பெயர்!

இச்சொல்லைப் பிரயோகிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இது புகழ்ச்சியன்று. தலைமை உபாத்தியாயர் ஒருவருக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதுகிறவர் அவரை 'மார்டினெட்' என்று வர்ணித்தால், அவருக்கு வேலை கிடைப்பது சந்தேகமே. நமது 'கண்டிப்புக்காரர்' என்னும் சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறது; 'கண்டிப்பானவர், ஆனால் தங்கமானவர்' என்று நாம் சொல்வதுண்டு. மார்டினெட்டுக்குச் சரியான தமிழ் 'கெடுபிடிக்காரர்' என்பதே. பையனுக்குக் கணக்கு வர வேண்டுமென்று கவலைப்படுகிறவர் கண்டிப்புக்காரர். கணக்கு சரியாயிருந்தும், ஓரத்தில் கோடு போடவில்லை என்று நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிகிறவர் கெடுபிடிக்காரர். முன்னவருக்கு விதி ஒரு கருவி. பின்னவருக்கு விதியே தெய்வம்.

அகராதியைத் தொகுப்பவர்கள் பண்டிதர்களாயிருக்கலாம். சொற்களை உண்டாக்குகிறவர்கள் ஜனங்களே. 1880-ல் அயர்லாந்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராயிருந்த காப்டன் பாய்காட்டை, குத்தகைக் குடிகள் ஒன்று சேர்ந்து ஒதுக்கி வைத்தார்கள். அவருடைய பயிரை அறுவடை செய்யப் பட்டாளத்தின் காவல் தேவைப்பட்டது. அதிகாரம் அவர் கையிலிருந்தது. ஆனால் அவர் பெயருக்கு அர்த்தம் கொடுத்தவர்கள் குடியானவர்கள். 1905-ல் வங்காளத்தில் அன்னியத் துணியைப் பகிஷ்கரித்தபோது நம்மவரும் அந்த ஆங்கிலச் சொல்லையே வழங்கினார்கள்.

மார்த்தினே உயிரைக் காக்கவே கண்டிப்பு செய்திருக்கலாம். ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது அவருடைய நோக்கத்தையன்று, கெடுபிடியையே. கட்டளையிடுகிறவர் தம்மைப் பற்றி என்ன எண்ணிக் கொண்டாலும், கடைசியில் பெயர் வைப்பவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களே. குழந்தைகளை வளர்க்கும் தாய் தந்தையர் இதை மனத்தில் வைத்துக் கொள்வது நலம். நம் வீட்டு அகராதியும் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டுத்தான் வருகிறது.