தந்தையார் விட்டுச் சென்ற ஸ்கூட்டர்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வீட்டின் பின்புறத்திலோ மாடிப்படியின் கீழோ பழைய ஸ்கூட்டர் ஒன்று தூசி படிந்து நிற்பதைக் காணலாம். பெரும்பாலும் அது பஜாஜ் சேத்தக்காக இருக்கும். 1972-ஆம் ஆண்டு வெளிவந்த அந்த வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. தந்தையார் அவ்வாறு காத்திருந்து பெற்றதை, இடமாற்றம் நேர்ந்தபோதெல்லாம் ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றதை, பழைய இரும்புக்கு விற்றுவிட மனம் வருவதில்லை. உதைத்துப் பார்த்தாலோ வண்டி கிளம்புவதில்லை. பட்டறையில் கேட்டால் “கார்புரேட்டர் போய்விட்டது” என்பர்.

என் வீட்டிலும் இதுவே நடந்தது. தந்தையார் 1985-இல் நாகபுரியில் வாங்கிய வண்டி, அவர் காலமான பின் மூன்றாண்டுகள் ஓடாமல் நின்றது. பட்டறைக்காரர் ஒருவர், திறந்து பாராமலே தீர்ப்புக் கூறிப் புதிய கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்தினார். வண்டி ஆறு நாள் ஓடிற்று. ஏழாம் நாள் நின்றது. கழற்றிய பழையதை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தது நல்லதாயிற்று. ஏனெனில், குற்றம் அதனுடையதே அன்று. பெட்ரோல் தொட்டியின் அடியில் படிந்திருந்த துருதான் இரண்டு கார்புரேட்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்திருந்தது.

கார்புரேட்டரைத் தமிழில் ‘எரிவளி கலப்பி’ என்று சொல்லலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லில் மகிழ்ச்சிதான். ஆனால் பட்டறையில் அதைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பாரார். ஆயினும் அச்சொல் அதன் வேலையைச் சரியாகவே சொல்லிவிடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கன அளவில் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! இவ்வளவு காற்றில் அவ்வளவு சிறிதளவு பெட்ரோலை நுண்துளிகளாகத் தூவிக் கலப்பதுதான் இக்கருவியின் வேலை.

அது கலக்கும் முறை எளியது. காற்று செல்லும் குழாய் ஓரிடத்தில் இடுங்கியிருக்கும். இடுங்கிய இடத்தில் காற்று விரைந்து செல்லும். விரையும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இதனை ஆராய்ந்தவர் இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி (1746–1822). அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் ‘ஜெட்’ எனப்படும் பித்தளைத் துளையின் வழியே பெட்ரோல் மேலே உறிஞ்சப்படுகிறது. பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம். அதனுள் ஒரு மிதவை. மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலெழுந்து குழாயை அடைப்பதுபோல, கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை ஓர் ஊசியைத் தள்ளி வழியை மூடுகிறது. ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்னும் இரு பொறியாளர்கள் 1893-இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். பூக்காரப் பெண் ஒருத்தி குழலால் ஊதிப் பூக்களின்மேல் நீர் தெளித்ததைக் கண்டு அவர்களுக்கு இவ்யோசனை பிறந்ததாக ஒரு கதை சொல்வதுண்டு. கதை எப்படியாயினும், உவமை பொருத்தமே.

இதில் தேயக்கூடிய உறுப்புகள் மிகச் சில. அடைபடக்கூடிய துளைகளோ பல. நின்றுபோன வண்டிகளின் கார்புரேட்டர் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, அடைபட்டிருக்கும், அவ்வளவே. கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போக, அதிலுள்ள பிசினும், இரு வீச்சு எஞ்சினுக்காகக் கலந்த எண்ணெயும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இக்காலத்தில் இதனோடு வேறொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022 ஜூனில் நாடு முழுவதும் சராசரி 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. நாட்டுக்கு அதனால் நன்மை உண்டு. ஆயின் 1985-இல் வார்த்த வண்டி அதை எதிர்பார்த்து வார்க்கப்பட்டதன்று. பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதில் ஊறித் தளர்ந்துபோகின்றன. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்துவிட்டால், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எண்ணெய் அதில் கரையாது. மேலே நிற்கும் பெட்ரோலிலேயே இருந்துவிடும். எஞ்சினுக்கு முதலில் செல்வதோ அடியில் உள்ளது! எண்ணெயில்லாத அந்த நீரை உண்டு எஞ்சின் ஓடத் தொடங்கினால் பிஸ்டன் சூடேறி உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். இதற்கு ஆகும் செலவு பல ஆயிரம். ஆகவே, நெடுநாள் நின்ற வண்டியைப் பழைய பெட்ரோலோடு உதைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. நான் அதைச் செய்தேன். வண்டி கிளம்பாமல் போனதே என் நல்வினை.

ஆதலின் மேலிருந்து கீழே வருவதே முறை. முதலில் தொட்டி. வெட்டவெளியில், விளக்கோ சுருட்டோ அருகில் இல்லாத இடத்தில், கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயை விடுவித்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலைப் பிடித்துப் பாருங்கள். தாரை இடைவிடாது விழவேண்டும். புட்டியைச் சிறிது நேரம் அசையாது வைத்தால் துரு அடியில் படியும். நீர் பிரிந்திருந்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். துரு கண்டால் தொட்டியை இறக்கி, மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி சிறு நட்டுகளும் இட்டு நன்கு குலுக்கிக் கழுவுக. தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளையையும் மறவாது பார்க்கவேண்டும். அது அடைபட்டால் வண்டி நன்றாகவே கிளம்பிச் சிறிது தூரம் ஓடிப் பின் நின்றுவிடும். பழியோ கார்புரேட்டர்மேல் விழும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். பத்து முறை உதைத்தபின் அதைக் கழற்றிப் பார்த்தால் அதுவே விடை சொல்லும். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி வருகிறது. சோக்கை இழுத்தால் மட்டுமே எஞ்சின் ஓடுகிறது என்றால், ஜெட்டுகளில் ஒன்று அடைபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் துணியலாம்.

சேத்தக்கின் வலப்புறத் தகட்டை எடுத்தால், எஞ்சினின் மேல் ஒரு பெட்டிக்குள் கார்புரேட்டர் இருக்கும். பெட்டியின் மூடிக்கு இரண்டு திருகு. காற்று வடிகட்டிக்கு இரண்டு திருகு. அவற்றை எடுத்ததும் ஜெட்டுகளின் தலை தெரியும். கார்புரேட்டரையே கழற்றவேண்டிய தேவை பல வேளைகளில் நேர்வதில்லை. ஒரு நல்ல திருப்புளி போதும். அதன் முனை காடிக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். பித்தளை மெதுவானது, நழுவினால் காடி சிதைந்துபோகும். பெட்ரோல் வந்து நுழையும் இடத்தில் ஒரு சிறு சல்லடை இருக்கிறது. பட்டறைகளில் அதை மறந்துவிடுவது வழக்கம். என் வண்டியின் துருவில் பாதி அதில்தான் இருந்தது.

ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் ஊதி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கவேண்டும். முழு வட்டமாக ஒளி தெரிந்தால் போதும். ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்துவதை மட்டும் ஒருபோதும் செய்யற்க. ஜெட்டின்மேல் பொறித்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். கம்பி அதை 105 ஆக்கிவிட்டால், விட்டம் 5 விழுக்காடே கூடினும் துளையின் பரப்பு 10 விழுக்காடு கூடிவிடும். பிறகு புகையும், பெட்ரோல் செலவும், கறுத்த பிளக்குமே மிச்சம். மிகவும் அடைபட்டிருந்தால் பிரஷ்ஷின் ஒரு மயிரைப் பயன்படுத்தலாம்.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அதை மாற்றவேண்டும். ஊசியின் முனை தேய்ந்திருந்தால் பெட்ரோல் ஓயாமல் ஒழுகி எஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிடும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் குழாயை மூடவேண்டும் என்று தந்தையார் கண்டித்துச் சொன்னது இதற்காகத்தான் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கிற்று.

எல்லாவற்றையும் மாட்டியபின், புதிய பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வீதம் இரு வீச்சு எண்ணெய் கலந்து ஊற்றுக. பெட்டியின் பின்புறத் துளை வழியே எட்டும் கலவைத் திருகை மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் தொடங்குவதற்குப் போதும். எஞ்சின் சூடானபின் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, ஓட்டம் சீராகும் இடத்தில் விட்டுவிடலாம். எத்தனால் மிகுந்த பெட்ரோலுக்குக் காற்று சற்றுக் குறைவாகவே வேண்டும். ஆகவே பழைய அளவிலேயே விட்டால் கலவை மெலிந்து எஞ்சின் மிகச் சூடேறலாம். அத்தகைய வண்டிக்கு ஒரு படி பெரிய ஜெட் போடுவதுண்டு. பிளக்கின் நிறம் வெளுத்துக் காணப்பட்டால் அதைச் செய்யலாம், காரணமின்றிச் செய்யவேண்டா.

இவ்வளவு செய்தும், முறுக்கைத் தளர்த்திய பின்னும் எஞ்சின் தானே விரைந்து கத்தினால், வேறு எங்கோ காற்று புகுகிறது. எஞ்சினுள் இருக்கும் எண்ணெய் சீல் தளர்ந்திருக்கக்கூடும். அது வீட்டில் செய்யும் வேலையன்று. நல்ல கைகாரரைத் தேடவேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியபின் பத்திரங்களின் கவலை வரும். இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை வாரிசு தம் பெயருக்கு மாற்ற, அது கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பிற மாநிலத்தில் பதிவான வண்டியை ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பவர் புதிய எண் பெறவேண்டும். பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இன்றி அது கிடையாது. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அங்குள்ளோர் செலவு செய்யுமுன் விசாரித்துக்கொள்க.

ஒரு மாதத்திற்கு மேல் ஊருக்குச் செல்வதாயின், குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் அவ்வாறே காலியாகிவிடும். ரயிலில் அனுப்பும்போதும் தொட்டியை மட்டும் வடித்தால் போதாது. இதையும் செய்துவிட்டுப் பின் கட்டக் கொடுங்கள்.