ஆறில் தொடங்கும் அளவுகோல்

சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 1960-களில் ஓர் அளவுகோல் செய்தார். அதில் பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆறில் தொடங்கி இருபதில் முடியும். சைக்கிள் மிதிப்பவரிடமும் ஓடுபவரிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இப்போது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? சும்மா உட்கார்ந்திருந்தால் 6. இனி ஒரு மிதிகூட முடியாது என்றால் 20.

இந்த விசித்திரக் கணக்குக்குக் காரணம் உண்டு. சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான இளைஞருடைய இதயத் துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். 13 என்றால் நிமிடத்துக்கு 130 போல. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் கருவி எதுவும் இல்லாமல் வாய் சொல்லும் எண்ணுக்கு இதயம் சாட்சி சொல்வது சாதாரண விஷயமா?

அப்படியானால் உடம்பு சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா? வேல்ஸ் நாட்டில் சாமுவேலே மார்கோராவும் வால்டர் ஸ்டையானோவும் செய்து 2010-ல் வெளியிட்ட சோதனை இங்கே குறுக்கே வருகிறது. ரக்பி வீரர்கள் பத்துப் பேரைச் சைக்கிளில் ஏற்றி, சராசரி 242 வாட் என்ற கடுமையான சுமையில் மிதிக்கவிட்டார்கள். சுமார் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஓய்ந்துபோனார்கள். ஓய்ந்த சில நொடிகளிலேயே, ஐந்து நொடி மட்டும் முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள். வந்தது 731 வாட்! களைப்பதற்கு முன்பு அதே கால்கள் ஆயிரத்துக்கு மேல் தந்தவை. ஆகவே தசை தளர்ந்தது உண்மை. ஆனால் 242 வாட்டைத் தாங்க முடியாது என்று நின்றவர்களிடம் அதைப்போல் மூன்று மடங்கு மிச்சம் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ‘முடியவில்லை’ என்ற சொல் தசையின் இருப்புக் கணக்கு அல்ல, மூளை போடும் கணக்கு என்கிறார்கள் இந்த ஆய்வாளர்கள். இதில் மற்றவர்களுக்கு மாற்றுக் கருத்தும் உண்டு.

அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் இதே கேள்வியைப் பயிற்சி நோட்டுக்குக் கொண்டுவந்தார். பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து, ‘மொத்தத்தில் எப்படி இருந்தது?’ என்று கேட்டுப் பத்துக்கு ஓர் எண் வாங்க வேண்டும். உடனே கேட்டால் கடைசிச் சுற்றின் வலியே பதிலாக வரும். அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை: 7 என்று சொன்ன 40 நிமிட ஓட்டத்துக்கு 280. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தபோது அவர் குழுவுக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. பயிற்சியாளர் ‘இன்று லேசாக’ என்று எழுதிய நாளில் வீரர்கள் அதைவிடக் கடுமையாக உழைத்திருந்தார்கள். ‘இன்று கடுமையாக’ என்ற நாளிலோ அவர் நினைத்த அளவுக்கு உழைக்கவில்லை. இரண்டு நாளும் நடுவில் வந்து ஒன்றாகிவிட்டன. லேசான நாளில் மெதுவாக ஓடுவதற்குத்தான், என் பார்வையில், அதிக மன உறுதி வேண்டும். பக்கத்தில் ஒருவர் முந்திப் போனால் கால் சும்மா இருக்குமா? பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பது இதற்கான பழைய சோதனை. மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் நின்றால், அது லேசான ஓட்டம் இல்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தூக்கம், மனநிலை, களைப்பு பற்றி வீரரே சொல்லும் பதில்கள், பயிற்சிச் சுமையின் ஏற்ற இறக்கத்தை ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற அளவீடுகளைவிட நன்றாகக் காட்டின.

ஆனால் அந்தப் பதிலை வைத்தே அணியில் இடம் முடிவாகும் என்று தெரிந்துவிட்டால், கருவி பழுதாகிவிடும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘பரவாயில்லை சார்’ என்பதுதான் நம் ஊர் மைதானத்தில் எல்லாவற்றுக்கும் பதில். அணித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், முழங்கால் வீங்கியிருந்தாலும் நோட்டில் எண் நல்ல பிள்ளையாக 4-லேயே நிற்கும். அனுபவப்பட்ட பயிற்சியாளர் அப்போது நோட்டைப் பார்ப்பதில்லை. பையன் மைதானத்துப் படியில் எந்தக் காலை முதலில் வைத்து இறங்குகிறான் என்று பார்க்கிறார்.