உங்களுக்குத் தெரியுமா? கண்ணை மூடித் தொட்டுப் பாருங்கள்

★ பர்ஸில் 500 ரூபாய் நோட்டு இருந்தால் எடுங்கள். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் விரல்நுனியை மெல்ல ஓட்டுங்கள். புது நோட்டாக இருந்தால் ஐந்து சாய்கோடுகள் லேசாக மேடு தட்டும். 100 ரூபாயில் நான்கு கோடுகள். 200 ரூபாயிலும் நான்குதான், நடுவில் இரண்டு குட்டி வட்டங்கள் கூடுதல். பார்வையற்றவர்கள் நோட்டை விரலாலேயே அடையாளம் காண வேண்டும் என்பதற்காக வைத்த கோடுகள் இவை. அருமையான யோசனை. ஆனால் கைமாறிக் கைமாறி நோட்டு நைந்துபோனால் மேடும் தேய்ந்துவிடுகிறது. நீளத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், 200 ரூபாய் நோட்டு 146 மில்லிமீட்டர், 500 ரூபாய் 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட்டமான பஸ்ஸில் எப்படி அளப்பது? நோட்டை கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்டது. பார்வைக் குறைபாடுள்ளவர் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் சொல்லுங்கள், உதவும்.

★ கம்ப்யூட்டர் கீபோர்டில் 'எஃப்', 'ஜே' இரண்டு எழுத்துகளின் மேல் மட்டும் ஒரு சின்னக் கோடு மேடாக இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களும் உட்கார வேண்டிய இடம் அது. பட்டன் போனில் 5-ஆம் எண்ணின் மேல் ஒரு புள்ளி. அதைப் பிடித்துவிட்டால் மற்ற ஒன்பது எண்களும் தானாக வந்துவிடும்.

★ தலைக்குக் குளிக்கும்போது கண்ணைத் திறக்க முடியாது. ஷாம்பு எது, கண்டிஷனர் எது என்று அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? ஜப்பானின் காவோ நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் இந்தக் குறையைத்தான் எழுதினார்கள். பார்வையற்ற மாணவர்களின் கையில் மாதிரி பாட்டில்களைக் கொடுத்துப் பார்த்த பிறகு, 1991-இல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் மட்டும் வரிவரியாகச் சிறு மேடுகள் வைத்தார்கள். கண்டிஷனர் பாட்டில் வழவழப்பாகவே இருந்தது. இதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு குறி வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று, அந்த வடிவத்தின் மேல் தங்களுக்கு வரவிருந்த தனியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். போட்டிக் கம்பெனிகளும் அதே வரிகளைப் போட ஆரம்பித்தன. அதே ஜப்பானில் பால் அட்டைப்பெட்டியின் மேல் விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். பழச்சாறு பெட்டியில் இருக்காது. வெட்டு இருந்தால் பால், அதற்கு எதிர்ப்பக்கம் பிரிக்க வேண்டும் என்று இரண்டு தகவல்களை அந்த ஒரு வெட்டே சொல்லிவிடுகிறது.

★ பால்பாயின்ட் பேனா மூடியின் உச்சியில் ஓட்டை எதற்கு? மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் குழந்தை தவறி விழுங்கித் தொண்டையில் அடைத்தாலும், டாக்டரிடம் போகும்வரை மூச்சுக்காற்று போய்வர வழி வேண்டுமே, அதற்கு! 1950-இல் பிரான்சில் பிக் நிறுவனம் கொண்டுவந்த பேனாவின் உடம்பிலும் ஒரு நுண்ணிய துளை உண்டு. உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருந்தால்தான் மை சீராக இறங்கும். ஆறு பட்டை இருப்பதால் மேசையிலிருந்து உருளாது. கண்ணாடிபோல் தெரிவதால் மை எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

★ மடங்கும் ஸ்ட்ராவுக்குக் காரணம் ஒரு சின்னப் பெண். சான் பிரான்சிஸ்கோவில் உயரமான சோடாக்கடை மேசையில் நேரான காகித ஸ்ட்ரா வாய்க்கு எட்டாமல் மகள் தவித்ததைப் பார்த்தார் ஜோசப் ஃப்ரீட்மன். ஸ்ட்ராவுக்குள் ஒரு திருகாணியை விட்டு, அதன் மரையோடு மேலே நூலைச் சுற்றி இறுக்கினார். திருகாணியை எடுத்ததும் காகிதம் மடிப்பு மடிப்பாக வளைந்துகொடுத்தது. 1937-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதை முதலில் வாங்கியது ஒரு மருத்துவமனை. படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தலையைத் தூக்காமல் தண்ணீர் குடிக்கக் கொடுக்க இதைவிட நல்ல வழி ஏது?

★ நுனி மழுங்கினால் ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டை நீட்டிக்கொள்கிறோமே, அந்த பேப்பர் கட்டர் 1956-இல் ஜப்பானில் பிறந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டிவந்த யோஷியோ ஒகாடா, பிளேடின் முனை மட்டும் மழுங்கி மீதி வீணாவதைப் பார்த்தார். செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டால் தோலைச் சீவுவார்கள். மழுங்கினால் மறுபடி உடைத்துக்கொள்வார்கள். கட்டம் கட்டமாக ஒடிக்கும் சாக்லேட்டும் அவர் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தார், வேலை முடிந்தது.

★ காய் சீவும் பீலரின் கைப்பிடி தடிமனாக, ரப்பர் வைத்து வந்ததற்குப் பின்னால் ஒரு மூட்டுவலி இருக்கிறது. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸிக்கு மெல்லிய இரும்புக் கைப்பிடியைப் பிடித்துச் சீவ முடியவில்லை. 1990-இல் 'ஆக்ஸோ' சாமான்கள் கடைக்கு வந்தன. வலி இல்லாதவர்களும் அதையே தேடி வாங்கினார்கள்.

★ நம் வீட்டு அரிவாள்மணையை யாரும் வடிவமைப்பு என்று சொல்வதில்லை. ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உட்கார்ந்தோ, காலால் அழுத்தியோ மணையை அசையாமல் நிறுத்திவிடுகிறோம். கத்தியைப் பிடிக்க ஒரு கை வேண்டியதில்லை. அலகு நின்ற இடத்தில் நிற்க, காய்தான் நகர்கிறது. இரண்டு கையும் காய்க்கே கிடைப்பதால் பூசணிக்காயையும் பிளக்கலாம், கீரையையும் பொடியாக அரியலாம். அலகின் தலைப்பிலேயே பல் வைத்த துருவி. தேங்காய்க்குத் தனிச் சாமான் தேவையில்லை. முட்டிவலிக்காரர்களுக்குத் தரையில் உட்காருவது சிரமம், மேடைச் சமையலறையில் அதற்கு இடமும் இல்லை என்பது நியாயமே. ஆனால் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் அதன் அளவுகளையாவது யாராவது வரைந்து வைக்க வேண்டும்.

★ நாற்காலிகளுக்குப் பேர்போன அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது எதைத் தெரியுமா? தண்ணீர்ச் சொம்பை! எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், கழுத்து எந்தக் கைக்கு அடங்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும், உள்ளே கை விட்டுத் தேய்க்க முடியுமா என்று ஒவ்வொன்றாக யோசித்தார்கள். அத்தனைக்கும் அந்தச் சொம்பில் பதில் இருந்தது. தனி ஒருவர் உட்கார்ந்து வரைந்ததல்ல அது, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய கைகள் திருத்தித் திருத்திக் கொண்டுவந்தது என்றார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது.

★ சென்னை மெட்ரோ நிலையங்களில் தரையில் மஞ்சளாக, சொரசொரப்பாக ஓடும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடுகள் இருந்தால் 'நேரே நடக்கலாம்' என்று பொருள். வட்டப் புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. செருப்புக்கால் வழியாகவும் கைத்தடி வழியாகவும் படிக்கும் எழுத்து இது. ஜப்பானின் ஒகாயாமா நகரத்து செய்ச்சி மியாகே, பார்வை மங்கிவந்த நண்பருக்காக 1965-இல் கைக்காசு போட்டு இதை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று அந்த ஊர்ப் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே ஒரு சாலைக்கடவில் முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று உலகமெங்கும் இருக்கிறது. நம் ஊர் நடைபாதைகளிலும் இப்போது ஆங்காங்கே பதிக்கிறார்கள். தயவுசெய்து அந்த மஞ்சள் பட்டையின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். கடை சாமானை அடுக்காதீர்கள். யாராவது நிறுத்தியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள்.